பக்கத்து மெஷின்

காலர் தைப்பதில் அந்தத் தையல் கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. எல்லோருக்கும் அவள் காலர்க்கா. பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் அவள் வலிப்பு மாத்திரை விழுங்குவது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அது தலைவலி மாத்திரை. கட்டின புருஷனிடமே மறைத்ததை வேலை செய்யும் இடத்திலா சொல்லப் போகிறாள்?

பக்கத்து மெஷினுக்குப் புதிதாக வந்த பட்டன்காரப் பெண், ஒருநாள் மதியத்துக்கு மேல் நாற்காலியோடு சாய்ந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பேய் என்றாள் ஒருத்தி. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று விலகினாள் இன்னொருத்தி. கட்டிங் மாஸ்டர் மட்டும் தைரியமாகக் கிட்டே போனார். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று சொல்லி, டீ ஸ்பூனைப் பல்லுக்கிடையில் விட்டு நெம்பினார்.

ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கடியில் துணி வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கவே கூடாது. காலர்க்காவுக்கு எல்லாம் மனப்பாடம். தொண்டை வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டால் போதுமே. அந்த நேரத்தில் அவளுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம்கூட வரவில்லை, கோபம்தான் வந்தது. மறைக்கத் துப்பில்லாதவள்.

படக்கென்று முன்பல் உடைந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் வீங்கிய உதட்டோடு அந்தப் பெண் வேலைக்கு வந்து நின்றாள். சூப்பர்வைசர் தன்னை நல்லவர் என்று நம்புகிறவர். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நேராகக் காலர்க்காவிடம் வந்தார்.

“பக்கத்துல உக்காருறது நீதாம்மா. உனக்குச் சரின்னா எல்லாருக்கும் சரி.”

கூடமே மெஷினை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தது. இவளுக்கு மட்டும் ஏன் பயமில்லை என்று நாளைக்கு யாராவது நோண்டினால்?

“எனக்குப் பயமா இருக்கு சார்.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை விரித்தார். அவ்வளவுதான்.

அந்தப் பெண் அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுக்க மெஷின் அருகே வந்தவள், காலர்க்காவின் வெளிறிய முகத்தைப் பார்த்து நின்றாள்.

“ரொம்ப பயந்துட்டீங்களாக்கா? இது ஒட்டாதுக்கா. மாத்திரை ஒழுங்கா போட்டா எனக்கு வராது. தீந்து ரெண்டு நாளாச்சு, அதான்.”

உடைந்த பல்லின் சந்தில் வார்த்தைகள் காற்றாக வந்தன.

“அப்படியா?” என்றாள் காலர்க்கா, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவள் போல.