முதல் அழைப்புக்கே வந்த பதில்

மாசிடோனியாவில் பிட்டோலா வட்டாரப் பள்ளிகளுக்கு மென்பொருள் விற்பது என் பிழைப்பு. அப்பா பழைய கடைத்தெருவில் துணி விற்றவர். குறை சொல்கிற ஆள் வாங்கத்தான் வந்திருக்கிறார், புகழ்கிற ஆள் கிளம்பப் பார்க்கிறார் என்று நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றே தெரிந்துகொண்டேன். அதனால் ஒரு பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் த்ராயான்கா டீச்சர் என் சரக்கில் ஒரு குறைகூடச் சொல்லாமல் காபியை உறிஞ்சியபோது, இவர் வாங்கப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். அந்த வருடம் நிறையப் பள்ளிகள் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பரில் வரும் நெட்வொர்க் மாணவர்களுக்கு நிஜ சாதனங்கள் வாங்க வழியில்லை. திரையிலேயே கணினிகளை வரைந்து, கேபிள் இழுத்து, ஒன்றிலிருந்து ஒன்றை அழைத்துப் பழக ஒரு மென்பொருள் வேண்டும். களத்தில் இரண்டு: என்னுடையது, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. என்னுடையதில் காலத்தையே நிறுத்தலாம். செய்தி ஒரு சின்னக் கடித உறையாகப் பாதி வழியில் அப்படியே நிற்கும். என் கடையில் கடைசியாகப் பிரித்துக் காட்டும் பட்டு அதுதான்.

"சோத்திர், உங்கப்பா துணியை வெயில்ல கொண்டுபோய்ப் பார்க்க விடுவாரா?"

"விடுவாரு டீச்சர், சாயம் நிக்கும்னு தெரிஞ்ச துணியை மட்டும்."

"அப்ப நானும் வெயில்ல பார்க்கிறேன்."

என் லேப்டாப்பில் இரண்டையும் திறந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த ஆய்வகத்தையே வரைந்தார். அவர் மேசை, மாணவர் வரிசை, ஜன்னலோரக் கணினி. வேடிக்கைக்கு என் லேப்டாப்பையும் ஒரு மூலையில் வைத்து 'சோத்திர்' என்று பெயர் போட்டார். ஜன்னலோரத்துக்கு மட்டும் கேபிள் இழுக்கவில்லை. நிஜத்திலும் அதற்குக் கேபிள் இல்லை. அங்கே டீச்சரோடு பாடம் எடுத்த மெத்தோடி சாருடைய கணினி அது. அவர் இறந்தபின் துணி போட்டு மூடிவிட்டார்கள். அவர் படம் போட்ட ஆறாம் மாத அஞ்சலித் தாளை அன்று காலைதான் பள்ளி வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

"கேபிளை மறந்துட்டு மத்த எல்லாத்தையும் நோண்டுவானுங்க பசங்க. அந்தத் தப்பை மென்பொருள் காட்டிக்கொடுக்கணும்."

இலவச மென்பொருளில் ஜன்னலோரத்தை அழைத்தார். ஒரு தடவை அழைத்தால் நான்கு அழைப்பு போகும்; ஒன்றுக்கும் பதில் இல்லை. அதுதான் சரி.

அடுத்து என்னுடையது. முதலில் ஒரு மாணவர் கணினி: முதல் அழைப்பு தொலைந்தது, மற்ற மூன்றுக்கும் பதில். எப்போதும் அப்படித்தான், புது ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடுவதிலேயே முதல் அழைப்பு செலவாகிவிடும். பிறகு ஜன்னலோரம்.

நான்குக்கும் பதில் வந்தது.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். நான்கு. திரையிலேயே அதன் மின்சாரத்தை அணைத்தார். நான்கு. நான் கம்பெனிப் பொறியாளர் ரிஸ்தேவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கேபிள் இல்லாத பொட்டி எப்படிண்ணே பேசும்? மத்தியானமே ராக்கியா சாராயம் ஊத்திட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "முதல் அழைப்புகூடத் தொலையல, பார்த்தீங்களா? தேடவே தேவைப்படல. பக்கத்துலயே இருந்த மாதிரி." மூடிய கணினியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மெத்தோடியும் அப்படித்தான். ரெண்டாவது தடவை கூப்பிட விடமாட்டாரு."

எனக்கோ என் வேலை கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. "சின்னக் கோளாறுதான் டீச்சர். புதுப் பதிப்புல சரி பண்ணிடுவாங்க."

"சரி பண்ணக் கூடாது."

"என்ன சொல்றீங்க?"

"இதையே எடுத்துக்கிறேன். விலையில ஒரு டெனார் குறைக்க வேணாம். ஆனா புதுப் பதிப்பு, அது இதுன்னு வந்து இதுல யாரும் கை வைக்கக் கூடாது. இதுதான் என் பேரம்."

"அப்ப பசங்க?"

"ஜன்னலோரத்தை எவனையும் வரைய விடமாட்டேன். அதை என்கிட்ட விடுங்க."

விலை குறைக்கச் சொல்லாத வாடிக்கையாளரைக் கண்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. துணிக்கடைக்காரர் பிள்ளை வாக்குக் கொடுக்கும் வேகத்தில் கொடுத்துவிட்டேன். அவர் காலத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்தார். வேலை தப்பியது. வாசலில் ஒட்டியிருந்த மெத்தோடி சார் படத்தைப் பார்க்காமல் காருக்கு வந்தேன்.

டீச்சர் வரைந்த ஆய்வகத்தை அழித்துவிடலாம் என்றுதான் காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். காலம் நின்றுதான் இருந்தது. மறுபடி அழுத்தாமல் அதில் எதுவும் நகர முடியாது. ஆனால் ஜன்னலோரக் கணினியிலிருந்து ஒரு கடித உறை கிளம்பியிருந்தது. கேபிள் இல்லாத வெற்றுத் திரையில், டீச்சர் மேசையைத் தாண்டி, 'சோத்திர்' என்ற மூலையை நோக்கிப் பாதி தூரம் வந்து நின்றிருந்தது.

அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். உறை அங்கேயே இருந்தது. மூடிவிட்டேன்.

நாளைக் காலை பிரிலெப் ஊரில் அடுத்த பள்ளி. காட்ட என்னிடம் இருப்பது இந்த ஒரு லேப்டாப்தான். வேலை வேண்டுமென்றால் திறந்துதான் ஆக வேண்டும். பாதி தூரம் என்று சொன்னது மத்தியானக் கணக்கு; இந்த ராத்திரிக்குள் அந்த உறை என்னை எவ்வளவு நெருங்கியிருக்கும் என்று தெரியாது.