வீட்டுக்குப் போகும் சரக்கு

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளின் மனசு என்ன விலைக்குப் போகும்? ஜவுளிக்கடை முதலாளியின் கணக்கில், மீட்டர் பாதி விலைக்கு. அதுவும் கடையில் விலைபோகாத துணியின் விலைக்கு.

அவர் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வருடம் முழுக்க அலமாரியில் தூங்கிய சரக்கு வீட்டுக்குப் போய்விடும். சிவப்பையும் பச்சையையும் வாடிக்கையாளர்கள் உருவிக்கொண்டு போவார்கள். மிஞ்சுவது சேற்று நிறமும் நனைந்த சாக்கு நிறமும். மனைவியின் உடுப்பு, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் அதில்தான். திரைக்குப் பக்கத்தில் அவள் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகளின் பட்டமளிப்பு விழா நெருங்கியது. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் மகள் கெஞ்சினாள்: "அம்மா, அன்னைக்காவது அந்த 'டிராப்' (drab) கலர்ல வராதம்மா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அதென்ன டிராப்பு?"

மனைவி ஓர் அச்சகத்துக்கு ஆங்கிலப் பாடநூல்களில் பிழை திருத்துபவள். அகராதி அவளுக்கு மனப்பாடம்.

"ஆரம்பத்துல வெறும் துணின்னுதான் அர்த்தமாம். பிரெஞ்சுலேருந்து வந்த சொல்லு. அப்புறம் சாயம் போடாத துணி. அப்புறம் அதோட மங்கின பழுப்பு. கடைசியில, எதைப் பார்த்தா கொட்டாவி வருதோ அதெல்லாம்."

"பார்றா, நம்ம சரக்கு! நாலு கை மாறி வெலை எறங்கியிருக்கு."

"துணி என்னங்க பண்ணும்? யாரும் சாயம் போடல."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்குக் கடைக்கு வா. எதுல வேணாலும் கை வை."

மறுநாள் ஷட்டர் முழுசாக ஏறுமுன்பே வந்துவிட்டாள். மயில்கழுத்து நீலத்தில் கை வைத்தாள். அதில் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. ஒரு நுனியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள்.

"அக்கா, அடையாளமே தெரியல!" என்றார் துணி வெட்டுபவர், கத்தரியைக் கையில் எடுத்தபடி.

அப்போதுதான் தையல்கடைக்காரம்மா உள்ளே வந்தாள். "அந்த நீலம் முழுச் சுருளும் எனக்கு வேணும். வெலையச் சொல்லுங்க."

அன்றைய முதல் வியாபாரம். போணியைத் திருப்பி அனுப்பினால் அன்று பூராவும் கடை படுத்துவிடும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. கத்தரிக்காரரைப் பார்த்துக் கை காட்டினார்: வெட்டாதே.

மனைவி பர்ஸைத் திறந்தாள். "நானே போணி பண்றேன். பேரமே பேசல, முழு வெலை தர்றேன்."

"வீட்டுக் காசு போணியாகுமா? இந்தப் பாக்கெட்டுலேருந்து அந்தப் பாக்கெட்டு! உனக்கென்ன, கடையே உன்னோடது. வேற எடு."

தையல்கடைக்காரம்மா தயங்கினாள். "அவங்களே எடுத்துக்கட்டுமே..."

"அட, அவ வீட்டு ஆளும்மா!"

வீட்டு ஆள் தோளிலிருந்ததை இறக்கி, பழைய மடிப்பு பிசகாமல் சுருட்டிக் கொடுத்தாள். வேறு எதையும் எடுக்கவில்லை.

விழாவுக்குச் சேற்று நிறத்திலேயே போனாள். மகள் திட்டியிருந்தாலாவது அவர் ஏதாவது பதில் சொல்லித் தேறியிருப்பார்.

அடுத்த வாரம் அதே நீலத்தில், அதைவிட உசத்தியாக, தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல துணிங்க. ஜன்னலுக்குப் போடலாம்."

போட்டாள். இப்போது அந்த நீலத்தின் முன்னால் உட்கார்ந்துதான் பிழை திருத்துகிறாள், அதே பழுப்பு உடுப்பில். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண்ணில் பட்டுவிடுகிறாள்.

அன்றைய போணி ராசியான போணிதான். வரவு: ஒரு முழுச் சுருளின் விலை, பேரத்தில் துளியும் விடாமல். பற்று: தோளில் நீலத்தோடு அவள் கண்ணாடி முன் நின்ற ஒரு நிமிஷம். பாக்கி அப்படியே நிற்கிறது. கொடுக்க அவர் தயார், அவள்தான் கேட்பதாக இல்லை.