நாற்பதாம் இருக்கையின் இரண்டு பதில்கள்

அவனை வேலையிடத்தில் எல்லோரும் 'டபுள்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, மறுபடியும் ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அப்படி இழுத்து இழுத்தே மூன்று பூட்டுகளையும் ஒரு கதவையும் கையோடு பெயர்த்தெடுத்தவன் என்று பேச்சு. கதவு விஷயம் கொஞ்சம் மிகை, பூட்டு உண்மை.

ஒரு தேர்வு மையத்தின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவன் பொறுப்பு. அன்று காலை அங்கே நர்ஸ் உரிமத் தேர்வு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நாற்பதாம் இருக்கையில், அவன் மனைவியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். போன தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. அவள் தன் மனைவி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தான், இரண்டு பிரதிகளில். கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்திருந்தார்கள். காலையில் செருப்பு மாட்டும்போது அவளும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும் எதையும் ரெண்டாவது தடவை செய்யாதீங்க. என் தலையெழுத்து உங்க கையில இருக்கு."

சரி என்று இரண்டு தடவை தலையாட்டினான்.

தேர்வு தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். கூடத்தில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. திரைகள் உறைந்து நின்றன, கொஞ்ச நேரத்தில் தாமாகவே உயிர்பெற்றன, மறுபடியும் உறைந்தன. தேர்வு அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நேரம் தவறாமைக்குப் பேர்போன அந்த அம்மாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு.

"தம்பி, ஏழு கை தூக்கியிருக்கு. நான் இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எட்டு ஆயிடும்."

நாற்பதாம் இருக்கைப் பக்கம் பார்க்கக்கூடாது என்று டபுள் நினைத்தான், பார்த்துவிட்டான். அவள் கை தூக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

அந்த மையத்தில் பதில்களை வாங்கி வைக்கும் சர்வர் தனிக் கம்ப்யூட்டர் அல்ல. ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் பல வெர்ச்சுவல் மெஷின்களில் ஒன்று. தொட்டுப் பார்க்க உடம்பு கிடையாது. முகவரி மட்டும் உண்டு. டபுள் அந்த முகவரிக்கு பிங் அனுப்பினான். பிங் என்பது கதவைத் தட்டி "இருக்கியா?" என்று கேட்பது போல. இருக்கிறேன் என்றது. அடுத்து மௌனம். அப்புறம் மீண்டும் இருக்கிறேன். சுவரோரம் ஓடிய கேபிள்களை முழங்காலில் தவழ்ந்து தடவிப் பார்த்தான். கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் விளக்குகளை வெறித்தான். அவை அவனைப் பார்த்துக் கண்ணடித்தன. யாரை உள்ளே விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலின் விதிகளைப் புரட்டினான். எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதைப் போல மனிதனை வெலவெலக்க வைப்பது உலகத்தில் வேறில்லை.

கடைசியில் அந்த மெஷினின் நெட்வொர்க்கையே துண்டித்துப் பார்த்தான். திரையில் ஒரு சிறு கட்டத்திலிருந்த குறியை எடுத்தால் போதும், கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். எடுத்தான். மறுபடி தட்டினான்.

இருக்கிறேன் என்றது.

வீட்டுக்காரனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகும் உள்ளேயிருந்து அதே குரலில் பதில் வருகிறதென்றால், உள்ளே இன்னொருவன் இருக்கிறான். அவன் யாரென்று அந்த நொடியில் தெரிந்துபோயிற்று.

காலையில் ஒரு பாதுகாப்புக்காக அந்த மெஷினை அப்படியே நகலெடுத்திருந்தான். முகவரி உட்பட, மச்சம் உட்பட. நகலைத் தூங்கவும் வைத்திருந்தான். பிறகு தேர்வுக்கு முன்னால், இன்னொரு பாதுகாப்புக்காக, 'எல்லாவற்றையும் இயக்கு' என்ற பொத்தானை அழுத்தினான். நகலும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதிலிருந்து ஒரே முகவரிக்கு வந்த பதில்களை இரண்டும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டிருந்தன.

அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர் தேர்வை நிறுத்தினார். எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"யாரு எழுதினது எதுல இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம், மேடம். ஒண்ணை நிறுத்தினா பாதி போயிடும். ரெண்டையும் எடுத்துச் சேர்க்கணும். ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் இருந்தா, கடைசியா போட்டதுதான் செல்லும்."

"சேர்ப்போம். ஆனா நீங்க கீபோர்டைத் தொடக்கூடாது. உங்க வீட்டம்மா பேப்பர் இதுல இருக்கு."

அப்படித்தான் டபுள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, மணிக்கூண்டு ஒற்றை விரலால் கொத்திக் கொத்தித் தட்டினார். முதலில் நகலின் நெட்வொர்க்கையும் துண்டித்தார்கள். ஒரு கட்டளையை அவர் அடித்து முடிப்பதற்குள் டபுளுக்குப் புதிதாக நரைமுடி முளைத்தது. பதில்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேர்ந்தன. ஒன்றே ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. நாற்பதாம் இருக்கை.

மூக்கில் ரத்தம் வடிபவரின் தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது கேள்வி. அசல் மெஷினில் 'முன்பக்கம்', மணி பத்து இருபத்தொன்று. நகலில் 'பின்பக்கம்', மணி பத்து பதினைந்து.

"அப்போ முன்பக்கம்தான் கடைசி. அதையே வெச்சுக்கலாமா?" என்றார் அதிகாரி.

முன்பக்கம்தான் சரி. இவளுக்குப் பாடம் கேட்டுக் கேட்டு அவனே பாதி நர்ஸ் ஆகியிருந்தான். தலையாட்டப் போனவனின் கண் நகல் மெஷினின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் விழுந்தது. ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. தூங்கி எழும் மெஷின்கள் தூங்கிய நேரத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. அப்படியானால் அந்தப் பத்து பதினைந்து உண்மையில் பத்து இருபத்துநாலு. முதலில் சரியாகப் போட்டவள், பிறகு பயந்து மாற்றியிருக்கிறாள்.

இது அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நின்றான். போன தடவை கோட்டை விட்டதும் இதே ஒரு மதிப்பெண்தான்.

"மேடம்," என்றான், குரல் எலிக்குஞ்சு போல வந்தது. "ரெண்டாவது மெஷினோட கடிகாரம் ஒன்பது நிமிஷம் ஸ்லோ."

அவர் திரையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு 'பின்பக்கம்' என்பதை வைத்துச் சேமித்தார்.

நகலை நிறுத்திவிட்டு, அசலின் நெட்வொர்க்கை மறுபடி இணைத்து, போன நேரத்தையும் கூட்டிக்கொடுத்துத் தேர்வு மீண்டும் தொடங்கியது. டபுள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அப்போதுதான் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. சாதாரண அரிப்பல்ல, படையெடுப்பு. சொறியப் போய், அவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, அதைச் சைகை என்று நினைத்துவிட்டால்? கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். முடியும் மணி அடிக்கும் வரை கண்ணில் நீர் வழிய அப்படியே இருந்தான்.

வெளியே வந்தபோது அவன் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பார்த்தது தெரிந்துவிடும். 

"நடுவுல நிறுத்தினாங்கல்ல," என்று பேருந்து நிறுத்தத்தில் அவளே ஆரம்பித்தாள். "சும்மா உட்கார்ந்திருந்தேன். மூக்குல ரத்தம் வந்தா என்ன பண்ணணும்னு ஒரு கேள்வி. முதல்ல ஒண்ணு போட்டு, அப்புறம் குழம்பி மாத்திட்டேன். கண்ணை மூடி உங்க தலையைப் பிடிச்சு மனசுக்குள்ள பின்னாடி சாய்ச்சுப் பார்த்தேன். ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கி, செத்தேன்னு தெருவே கூடுற மாதிரி கத்துனீங்க. அப்படியே முன்னாடி குனிய வெச்சேன், அமைதியாயிட்டீங்க. மறுபடி ஆரம்பிச்சதும் முதல் வேலையா அதைத் திருத்திட்டேன்."

டபுள் நடுத்தெருவில் நின்று, இரண்டு கையாலும், ஆசைதீர மூக்கைச் சொறிந்துகொண்டான்.