மோட்டர் ரூம் சாவி

எங்கள் குடியிருப்பில் பேச்சுரிமை ஓர் ஆணியில் தொங்கியது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மோட்டர் ரூம், அதன் கதவோரம் ஆணி, ஆணியில் சாவி. கூட்டம் போட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று, எந்தக் காலத்திலோ ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அவராகக் கொடுக்கிறவரை குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. யாரைப் பற்றிப் பேசினாரோ, அவர் கைக்குத்தான் சாவி அடுத்து போக வேண்டும். அதற்கப்புறம் ஓட்டெடுப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கச் செயலாளர் மோட்டரை நிறுத்திப் பூட்டினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

விஷயம் தரைத்தளத்துத் தையல்காரம்மா. எங்கோ சண்டை மூண்டு, வீடு இடிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். எங்கள் எல்லோருடைய கால்சட்டைக்கும் விளிம்பு மடித்துத் தந்தவள்.

"இவங்க வந்த பிறகுதான் நம்ம பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்," என்றார் செயலாளர். "இவங்க நோயோட வந்தவங்க. நம்ம துணியிலேயே வச்சுத் தச்சு நம்ம வீட்டுக்கு அனுப்புறாங்க. காலி பண்ண வைக்கணும்."

கை தட்டினார்கள். ஏற்பாட்டில் கை தட்டத் தடை இல்லை.

நான் எழுந்து, "யோவ், நீ என்ன டாக்டரா?" என்றேன்.

"சாவி இல்லாம பேசாதீங்க பெரியவரே," என்று நாலா பக்கமிருந்தும் உட்கார வைத்தார்கள். எனக்குக் காது கொதித்தது. என் வீட்டுக்காரி அதன்மேல் கைக்குட்டையை வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டாள்.

செயலாளர் முடிக்கவில்லை. முடித்தால் சாவி தையல்காரம்மாவிடம் போகும். அவள் பதில் சொல்வாள். அதனால் திங்கட்கிழமையும் பேசினார். அவர் மனைவி வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு வாய் சோறு ஊட்டினாள். முடிதிருத்துபவர் வந்து, தாடை போன பக்கமெல்லாம் கத்தியைக் கொண்டுபோய் முகம் மழித்தார். தூக்கத்திலும் பேச்சு நிற்கவில்லை. குறட்டை மட்டும் முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு புறா அவர் சட்டைப் பையில் முட்டையிட்டது. பொரிந்து வந்த குஞ்சு உடனே தையல்காரம்மா வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பி முறைத்தது. நம்பாதவர்கள் புறாவை விசாரித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சிரித்தபடி சொல்கிறேன். சிரிக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. தைக்கத் துணி வருவது நின்றது. தையல்காரம்மாவின் கதவில் யாரோ கறுப்புச் சாயத்தில் 'நோய்' என்று பெரிதாக எழுதினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகளை, "தொடாதே, தள்ளிப் போ" என்று மாடிப்படியில் யாரோ தள்ளினார்கள். எட்டு வயசுப் பிள்ளை. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

முதல் மாடி வக்கீலிடம் போனேன்.

"எனக்கும் அவர் சொல்றதுல உடன்பாடு இல்ல பெரியவரே. ஆனா பேசுறது அவர் உரிமை. அதுல கை வச்சா நாளைக்கு உங்க வாய்க்கும் பூட்டு வரும்."

"பிள்ளை கை உடைஞ்சு கிடக்கு, வக்கீல் சார்."

"உடைச்சது அவரா? அவர் பேசினார், அவ்வளவுதான்."

"சரி, அவ எப்பப் பேசுறது?"

"அவங்க முறை வரும்போது."

"வராதே. அவர்தான் நிறுத்த மாட்டேங்கிறாரே."

"அது நடைமுறைச் சிக்கல்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவை உடைத்திருப்பேன். என் வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "விடுங்க. அது தேக்கு, உங்க தோள் தேக்கு இல்ல," என்றாள்.

வியாழக்கிழமை காலை தொட்டி வறண்டது. மோட்டரைப் போடச் சாவி வேண்டும், சாவி பேசிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் இருமியது. அப்போதுதான் என் குடியிருப்பு விழித்துக்கொண்டது. பிள்ளை படியில் உருண்டபோது திறக்காத கதவுகள் எல்லாம் திறந்தன. கை தட்டியவர்கள் வாளியைத் தட்டினார்கள். வக்கீல் இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு மாடிக்கு ஓடி வந்தார்.

"நிறுத்துய்யா. தண்ணி அடிப்படை மனித உரிமை," என்று கத்தினார்.

"சாவி இல்லாம பேசாதீங்க வக்கீல் சார்," என்றேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இனிப்பு அது.

செயலாளர் அசரவில்லை. ஆனால் தொண்டைக்கு உரிமை தெரியாது. குரல் உடைந்து, கீச்சிட்டு, காற்றாகிவிட்டது. உதட்டை நக்கிக்கொண்டு, "தண்ணி," என்றார். கட்டிடம் முழுக்க ஒரு சொட்டு இல்லை. ஒரே ஒரு வீட்டில் இருந்தது. குழாயை நம்பி வாழ்ந்து பழகாதவள் தையல்காரம்மா. குடம் குடமாகப் பிடித்து வைப்பாள்.

ஒரு டம்ளரோடு அவள் படியேறி வந்தாள். பின்னால் மாவுக்கட்டோடு மகள். டம்ளரை ஒரு கையில் நீட்டினாள். மறு கையை வெறுமனே விரித்து நீட்டினாள்.

செயலாளர் டம்ளரைப் பார்த்தார், விரித்த கையைப் பார்த்தார். சாவியை அந்தக் கையில் வைத்தார். டம்ளரை எடுத்தார்.

"அப்பாடா. அம்மா, சீக்கிரம் மோட்டரைப் போடுங்க," என்றார் வக்கீல்.

"சார், சாவி யார் கையில இருக்கோ அவங்கதானே பேசணும்? உக்காருங்க," என்றாள் தையல்காரம்மா.

உட்கார்ந்தார். எல்லோரும் வாளிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எனக்கு நோய் இல்லன்னு சொல்ல நான் வரல. நான் யாருக்கு எதுக்குச் சொல்லணும்? நோயே இருந்தாலும் பிள்ளையப் படியில தள்ளலாமா? அவர் பேசினார். நீங்க கேட்டீங்க. அப்புறம் ஒரு கை வந்து தள்ளிச்சு. அந்தக் கை இங்கதான் உக்காந்திருக்கு, வாளியப் பிடிச்சுக்கிட்டு. யாருன்னு என் மகளுக்குத் தெரியும். அவ சொல்ல மாட்டா, பயம். எட்டு வயசுல என் பிள்ளைக்கு வாய் போச்சு. எந்த உரிமைல சேரும் சார் அது?"

வக்கீல் வாயைத் திறந்தார். அவள் சாவியை உயர்த்திக் காட்டினாள். மூடிக்கொண்டார்.

மகளைத் தள்ளியது யார் என்று மகள் சொல்லவில்லைதான். ஆனால் ஒரு வாளி மட்டும் கடகடவென்று ஆடியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளருக்கு ஊட்டிவிட்ட மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

தையல்காரம்மா அவளைப் பார்த்தாள். பிறகு மோட்டர் ரூமைத் திறந்தாள்.

"போடுறேன். முதல் வாளி யார் வீட்டுக்கும் இல்ல, என் கதவுக்கு. நீங்க தண்ணி தூக்குங்க," என்றாள் செயலாளரிடம். அவர் மனைவி பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க ஊத்துங்க. வக்கீல் சார், நீங்க தேய்ங்க. சோப்பு உங்க தலையிலேயே இருக்கு."

தேய்த்தார்கள். மத்தியானம்வரை தேய்த்தார்கள். அவள் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சாவி அவள் மடியில் இருந்தது.