நாவல்கொட்டைப் பொடி

"இன்னும் ஒசத்திப் பிடிங்கப்பா, ரோட்டுல போறவனெல்லாம் பாக்குறான்!" என்று கத்தினாள் செத்தவரின் அக்கா உண்ணாமலை.

பிணத்தைக் குளிப்பாட்ட மறைப்புக்கு வேட்டி கிடைக்கவில்லை. மூலையில் சுருட்டிக் கிடந்த பிளக்ஸை எடுத்து நாலு பேர் விரித்துப் பிடித்தார்கள். அதில் கண்ணுசாமி பல் தெரியச் சிரித்தார். 'எனக்குச் சர்க்கரை முந்நூறு இருந்தது, இப்போது நூற்றுப் பதினெட்டு' என்று கீழே கொட்டை எழுத்து. பிளக்ஸுக்கு அந்தப் பக்கம் அவர் தலையில்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

மனைவி வனிதா அழவில்லை. அவள் அழுகிறாளா என்று பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது, அது வேறு.

ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் இந்த ஊருக்குப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சர்க்கரை நோய்க்கு நாவல்கொட்டைப் பொடி செய்யப் பழக்கி இரண்டு வருஷமாகிறது. "மாத்திரையை நிறுத்தாமச் சாப்பிடச் சொல்லுங்க" என்று பேராசிரியர் ஜெபக்குமார் படித்துப் படித்துச் சொன்னார். பாக்கெட்டிலும் போட்டிருந்தது. எறும்பு மட்டும் படிக்கிற அளவில் அதை அச்சடிக்கச் சொன்னவள் குழுத்தலைவி வனிதா. மாத்திரையும் வேண்டும் என்றால் பொடியை எவன் வாங்குவான்? "எங்க வீட்டுக்காரரப் பாருங்க, மாத்திரையா திங்கிறாரு?" என்று சொல்லிச் சொல்லியே விற்றாள்.

போன மாசம் அவர் வண்டி சீட்டுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடைத்தன.

"ஒம் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் மறைச்சுத் திங்கிறேன்" என்றார் கண்ணுசாமி.

"எம் பொடிய நம்பாத ஆளு எனக்கென்ன புருஷன்?" என்று அத்தனையையும் அடுப்பில் போட்டாள். அவர் மறுபடி வாங்கவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்த மனிதர்.

நாலு நாளாகத் தாகம் தாகம் என்று கிடந்து நேற்று மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் இறக்கியபோது, சர்க்கரை அளக்கும் மிஷினில் எண்ணே வரவில்லை. அவ்வளவு ஏறிக் கிடந்தது. "மாத்திரைய எப்பங்க நிறுத்துனீங்க?" என்றாள் நர்ஸ். ஊருக்கு வனிதா சொன்ன சேதி, நெஞ்சுவலி.

"மதினி" என்று பக்கத்தில் வந்து குந்தினாள் குழுவில் இருக்கும் சொர்ணம். "கேக்கக் கூடாத நேரந்தான். ஒங்க பேச்சக் கேட்டு எங்க வீட்டுக்காரரு மாத்திரைய நிப்பாட்டி நாப்பது நாளாச்சு. அண்ணனுக்கு இப்புடி ஆனது அதனால இல்லேல்ல?"

ஒப்பாரி தணிந்தது. மற்ற எட்டுப் பெண்களும் மூக்கைச் சிந்துகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டார்கள். புதன்கிழமை புதுக்கோட்டையில் பொடிக்கென்று கடை திறப்பு. பத்து வீட்டு உலையும் இனி அதை நம்பித்தான். வாசலில் ஜெபக்குமார் கையில் மாலையோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வனிதா அவரைப் பார்த்தாள். சொர்ணத்தைப் பார்த்தாள்.

"நெஞ்சுவலிடி. சர்க்கரையெல்லாம் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி மகளுக்கு இப்பத்தான் ஒறைக்குது" என்று உண்ணாமலை கட்டிக்கொண்டாள். வந்த கூட்டத்துக்கும் திருப்தி.

சொர்ணத்துக்குப் போன உயிர் திரும்பியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷன் எங்கே என்று எட்டிப் பார்த்தாள்.

பந்தல் ஓரத்தில் தண்ணீர் டிரம்மை விட்டு நகராமல் நின்றான் நாகராசு. மேளக்காரர்கள் பின்னால் காத்திருக்க, மூன்றாவது சொம்பையும் அண்ணாந்து குடித்து முடித்து, நாலாவதை மொண்டான்.