பிள்ளையார் காலடியில் தோட்டாப் பெட்டி

வோபர்ன் புறநகரில் தம்பி ஸ்ரீதரனோடு யோகராணி இருந்த வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றுக்கு அருள்நாயகம் வாடகைக்கு வந்த அன்றே அவள் அந்தத் தவறைச் செய்துவிட்டாள். ஒரு கையில் சூட்கேசும் மறு கையில் நீளமான கறுப்புப் பெட்டியுமாகப் படியிறங்கியவரைப் பார்த்து, "கவனம் அண்ணை, தலை இடிக்கும்" என்றாள். தலை தப்பியது. ஆனால் அந்த 'அண்ணை' அன்றோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆட்களுக்குள் ஒருவரை ஒருதரம் அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால் பிறகு அதிலிருந்து மீள்வது லேசான காரியமில்லை. அதுவும் நாற்பதை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாணமாகாத ஒருத்தி, மனைவியை இழந்த ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் ஊருக்கே நிம்மதி. யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைப்பதெல்லாம் அவள் ஒருத்திதான்.

மேல்மாடியில் தம்பியின் மனைவி பாலேஸ்வரி காலையிலிருந்து படுக்கும்வரை "இஞ்சாருங்கோ" என்று புருஷனைக் கூப்பிட்டபடி இருப்பாள். "இஞ்சாருங்கோ, கராஜ் பூட்டினீங்களோ?" "இஞ்சாருங்கோ, பால் முடிஞ்சுது." யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் புருஷனின் பெயர் அதுதான், அந்தச் சொல்லுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருநாள் பேஸ்மென்றில் யாருமில்லாத நேரம் யோகராணி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எதிரே நின்றது உடுப்புத் தோய்க்கிற மெஷின். அதற்கே அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்த மெஷின்தான் இருவரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது. கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது துவக்கு. அருள்நாயகம் ஆயிரம் கெஜம் தூரத்துக் குறிக்குச் சுடுகிற போட்டிக்காரர். கொழும்பில் பள்ளிக்கூடக் கடேற் படையில் பிடித்த பழக்கம், இங்கே மெஷின் ஷொப்பில் கூட வேலைசெய்த கிழவர் வோல்ற்றர் கிளப்புக்கு அழைத்துப்போனதில் திரும்ப முளைத்தது. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள், உவர் காசு குடுத்தெல்லோ வாங்கி வைச்சிருக்கிறார்" என்று பாலேஸ்வரி முதலில் குதித்தாள். லைசென்சையும் இரும்பு அலுமாரியையும் பூட்டையும் பார்த்த பிறகுதான் இறங்கினாள்.

கடையில் வாங்கிய தோட்டா அந்தத் தூரத்துக்குச் சரிவராதாம். தோட்டாவைத் தானே செய்ய வேண்டும். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, வாயை அளவெடுத்து, பொறி தட்டும் பிறைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, மேலே ஈயச் சன்னத்தை மயிரிழை பிசகாமல் அமர்த்த வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் அவர் மருந்து நிறுக்கும் நேரமும் யோகராணி உடுப்புத் தோய்க்கும் நேரமும் ஒன்றாகப் போயிற்று. மெஷின் சுழலத் தொடங்கினால் தராசு நாக்கு ஆடும்.

"குறை நினைக்காதேயும். உந்த மெஷினை ஒரு அரை மணித்தியாலம் நிப்பாட்ட ஏலுமோ?" என்று கேட்டார்.

நிப்பாட்டினாள். சும்மா நிற்க முடியாமல் பக்கத்தில் வந்து பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை மெஷினைப் போடவே இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நிறுத்துக்கொண்டிருந்தது அவள். கடுகை விடச் சிறிய ஒரு மணி மருந்து கூடினாலும் நாக்கு எழும்பும்; அதை எடுத்தால் இறங்கும். மூச்சை வெளியே விடாமல் அந்த ஒரு மணியை எடுப்பதற்கு அவள் பழகிக்கொண்டாள். மூச்சை அடக்கி வைப்பது அவளுக்குப் புதிதுமில்லை. சகோதரிகள் மூன்று பேரைக் கரையேற்றும்வரை அதைத்தானே செய்தாள்?

குளிர் காலம் முழுக்க அப்படிப் போனது. மருந்தைத் துளி கூட்டிப் பார்ப்பார்கள், துளி குறைத்துப் பார்ப்பார்கள். சன்னத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் செய்தவை ஒரு பெட்டி, வெளியே விட்டுச் செய்தவை இன்னொரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சுட்டுவிட்டு, துளை விழுந்த கடதாசியை அருள்நாயகம் மேசையில் விரிப்பார். துளைகள் நெருங்கி விழுந்த நாளில் இருவரும் தலை முட்டுமளவுக்குக் குனிந்து பார்ப்பார்கள். அந்த அளவு நெருக்கமே அவளுக்கு ஒரு கிழமைக்குப் போதுமாயிருந்தது. போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்பதுதான் சரி. திங்கட்கிழமை, வாழ்த்து அட்டைகள் பொதி செய்கிற தொழிற்சாலையில் நிற்கும்போது போதாது என்று தெரியும்.

வைகாசி மாதம் ஒருநாள், சன்னம் அமர்த்துகிற கைபிடியை இழுத்தபடி அவர் சொன்னார்: "லண்டனிலை அக்கா எனக்கொரு இடம் பாத்திருக்கிறா. பொம்பிளை ரீச்சராம். ஆடியிலை போட்டி முடியிற அண்டைக்குப் போன் எடுத்து ஓமோ இல்லையோ எண்டு சொல்லவேணும்."

தராசு நாக்கு அசையவில்லை. யோகராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

கேட்டாரே, அதுவும் அவளிடம் கேட்டாரே! நெஞ்சுக்குள் கிடந்ததை அள்ளிக் கொட்ட ஒரு பொழுது கிடைத்திருந்தது. ஆனால் வாய் பழகிய வழியில்தான் போயிற்று. "நல்ல இடம்தானே அண்ணை" என்றாள். அவர் கைபிடியை விட்டுவிட்டு, அமர்த்திய தோட்டாவை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று இரவு அவள் தன் நாக்கை எத்தனை விதமாகத் திட்டினாள் என்பதை எழுதினால் அச்சில் ஏறாது.

அதன் பின்பும் அவள் நிறுப்பதை விடவில்லை. போட்டிக்கென்று ஒரு பெட்டித் தோட்டா ஒதுக்கினார்கள். கிளப்பின் சுவரில் வென்றவர்களின் பெயரெழுதிய பலகை ஒன்று உண்டாம். ஐந்து வருஷமாக அவர் அதற்குக் கிட்டக் கிட்டப் போய்த் திரும்பி வந்தவர். போகிறவர் வென்றுவிட்டாவது போகட்டும் என்று நினைத்தாள். அவள் கையால் நிறுத்த மருந்து அவர் பெயரை அந்தப் பலகையில் ஏற்றினால், அவளுக்கென்று இந்த நாட்டில் ஏதோ ஒன்று மிஞ்சும்.

போட்டிக்கு முதல் நாள், "நீரும் வாருமன். நீர் செய்ததை நீர் பாக்க வேண்டாமோ?" என்று கேட்டார். பாலேஸ்வரிகூட, "ஓம் மச்சாள், அண்ணையோடை போட்டு வாங்கோ" என்றாள். அந்த அண்ணை!

விடிய எழும்பிப் புட்டு அவித்தாள், முட்டை பொரித்தாள், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தாள். வாசலில் அவருடைய, குளிர் காக்கும் நீல நிறக் கூலர் திறந்தபடி இருந்தது. உள்ளே தோட்டாப் பெட்டி மட்டும். வெளிக்கிட்டால் சாப்பாடு கொண்டுபோகாத தமிழ்ச்சனம் உண்டா? ஆண்பிள்ளை, சாப்பாட்டுக்கென்று கூலரை எடுத்து வைத்துவிட்டுத் தோட்டாவை அதற்குள் போட்டிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டு பெட்டியை வெளியே எடுத்தாள். சாப்பாட்டை அடுக்கினாள். பெட்டிக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து, அவருடைய காரின் முன்பக்கம் டாஷ்போர்ட்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் காலடியில் வைத்தாள். புதுக் கார்ச் சாவியென்ன, பிள்ளைகளின் சோதனைப் பேனையென்ன, எங்கள் வீடுகளில் எல்லாம் முதலில் அங்கேதானே போகும்.

துவக்கைப் பின்பக்கம் பூட்டி வைத்துவிட்டு அருள்நாயகம் ஸ்ரியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். கை பாதி எழும்பி, திரும்பவும் சாவிக்கே போயிற்று.

"வெளிக்கிடுவமோ?" என்றார்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணித்தியாலம். ஆடி மாதத்து வெயில் முன் கண்ணாடியால் நேரே வந்து மடியில் விழுந்தது. காரில் ஏசி எப்போதோ செத்துவிட்டது. அவள் சந்தோஷத்தில் வியர்வையைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தில் அவர், பின்னால் புட்டு, முன்னால் பிள்ளையார். இந்த ரோட்டு இப்படியே கிழக்குக் கடல்வரை போகக் கூடாதா என்றிருந்தது.

சுடுமிடம் ஒரு பெரிய புல்வெளி. காதுமூடியைப் போட்டுக்கொண்டு பின்னால் கதிரையில் உட்கார்ந்தாள். முதல் வெடிக்கு உடம்பு ஊருக்குப் போய்த் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தூரத்தில் குறிப்பலகை கீழே இறங்கி, துளை விழுந்த இடத்தில் வட்டத் தகடு குத்தப்பட்டு மேலே எழும்பும். அவர் முறை வந்தது. தகடு நடுவட்டத்துக்கு மேலே நின்றது. அடுத்ததும் மேலே. அவர் துவக்கின் மேலிருந்த குழாய்க் கண்ணைத் திருகி இறக்கினார். பெட்டி நிழலுக்கு வந்து ஆற ஆற, பிறகு சுட்டவை கீழே போகத் தொடங்கின. திருகி ஏற்றினார். அதற்குள் முடிந்துவிட்டது. பத்தாவது இடமோ பன்னிரண்டாவதோ. பலகையில் வேறொருவர் பெயர்.

யோகராணி தன்னையே கேட்டுக்கொண்டாள். எங்கே பிழைத்தேன், எந்த மணியைக் கூட எடுத்தேன்? வோல்ற்றர் கைகொடுக்க வந்தார். நல்ல மனிதர். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அருள்நாயகத்திடம் கேட்டார்: "உன் தோட்டா ஏன் இவ்வளவு சூடு? அந்த நீலக் கூலர் எங்கே? வெயில் பட்டால் மருந்து வேகமாக எரியும், சன்னம் மேலே போகும் என்று எனக்கே பாடம் எடுத்தவன் நீ."

அவளுடைய ஆங்கிலத்துக்கு அது தாராளமாக விளங்கியது. கூலருக்குள் புட்டு இருந்தது.

திரும்பும் வழியில் வெறும் பெட்டி மடியில் கிடந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"காலமையே உங்களுக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"ஓம்."

"மெஷின் ஓடினாலே தராசு ஆடுது எண்டு நிப்பாட்டச் சொல்லுற ஆள். ரண்டு மணித்தியாலம் வெயிலுக்கை கிடக்கப் பாத்துக்கொண்டு வந்தனீங்களே. ஏன் எடுக்கேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனே!" அழுகை வந்துவிட்டது.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீர் வைச்சனீர். எனக்கெண்டு சந்தனம் தொட்டு ஒருத்தர் ஒண்டு வைச்சு எத்தினை வருஷம். எடுக்க மனம் வரேல்லை."

அவள் அழுகை அப்படியே நின்றது.

நெடுஞ்சாலையோரத்து சேர்விஸ் சென்ரரில் காரை நிறுத்தினார். "லண்டனிலை நேரம் போகுது. அக்கா முழிச்சிருப்பா." சட்டைப் பையிலிருந்து ரெலிபோன் கார்ட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். சுவரோரம் வரிசையாகப் போன்கள். அவர் அவசரப்படாமல்தான் நடந்தார். ஆனாலும் தூரம் குறைந்துகொண்டே போனது.

கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் 'அண்ணை' என்றுதான் வரும். அப்படி வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பார், என்ன என்று கேட்பார், ஒன்றுமில்லை என்று அவள் சொல்வாள், எல்லாம் முடியும். அந்தச் சொல்லை இத்தனை மாதமும் சுமந்த வாய்மீது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ!"

லொறிக்காரர்கள், கோப்பிக் கோப்பையோடு நின்ற வெள்ளைக்காரக் குடும்பங்கள், ஒருவருக்கும் அது விளங்கவில்லை. போனை எடுக்க நீட்டிய கை நின்றது. அவர் மெல்லத் திரும்பினார்.

"அந்த லண்டன் இடம்," என்றாள். "அது நல்ல இடமில்லை எண்டு சொல்லுங்கோ."

அருள்நாயகம் கார்ட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பிறகு, எத்தனையோ வருஷமாக அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகியவர் போல, "ஓமப்பா, சொல்லுறன்" என்றார்.