கிரே ஹார்பர் வராத கச்சேரி

தங்கராஜுவுக்கு ஓய்வு பெற்ற பிறகு வந்த நோய்க்கு எந்த மருத்துவரிடமும் பெயர் கிடையாது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதர், பழைய ஆங்கில ராக் பாட்டுகளை வேறு யாரோ வேறு எதிலோ வாசிப்பதைக் கைபேசியில் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கினார். மங்கோலியாவில் குதிரை மேய்க்கிறவர்கள் தொண்டைக்குள் உறுமிப் பாடுவார்கள். இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகள் மூங்கில் குழாய்களை ஆட்டுவார்கள். தமிழ்நாட்டில் யாரோ நாதஸ்வரத்தில் ஊதுவார்கள். தோசை சுடும்போது ஒன்று, காரில் ஏறினால் ஒன்று. வேலை நேரத்தில் மனைவி புஷ்பராணியின் வாட்ஸ்அப்புக்கு வேறு வந்து விழும்.

அவள் பீச் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். பாட்டு பிடிக்காதவள் அல்ல. அந்தப் பாட்டுகளே அவளுடையவை என்பதுதான் பிரச்சினை. பட்டர்வொர்த் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளுடைய அண்ணன் விஸ்வலிங்கம் கேசட் போட்டுக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அதிலும் கிரே ஹார்பர் என்ற இங்கிலாந்துக் குழு அண்ணனுக்கும் தங்கைக்கும் உயிர். ஒருநாள் பொறுமை இழந்து தங்கராஜுவை உட்கார வைத்து அசல் பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டினாள். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு, ராணி. ஆனா கொஞ்சம் வெறுமையா இல்ல?" என்றார்.

அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், கிரே ஹார்பர் பினாங்குக்கு வருகிறது, உன் அண்ணனுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றார். அவள் நம்பவில்லை. அந்தக் குழுவில் இப்போது உயிரோடு இருப்பவர்களே பாதிப் பேர். கச்சேரியோ ஜார்ஜ் டவுனில் ஒரு சீனச் சங்க மண்டபத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வயசாகிப் போச்சு, இப்போதெல்லாம் சின்ன இடத்தில்தான் வாசிப்பார்கள் என்று அவர் சொன்னார். டிக்கெட்டைக் காட்டச் சொன்னதற்கு, கைபேசியில் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் நம்ப ஆசை வந்துவிட்டது. உடனே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

விஸ்வலிங்கம் இன்னும் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறார். அவருடைய மனைவி போன வருடம் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் எங்கும் வருவதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்குக் கூப்பிட்டாலும், பார்ப்போம் என்று சொல்வார், வரமாட்டார். வீட்டில் ரேடியோகூட வைப்பதில்லை. அன்று போனில், எத்தனை மணி ஃபெர்ரியில் வரவேண்டும் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் ஃபெர்ரித் துறையில் வந்து இறங்கினார். தாடியை மழித்திருந்தார். புஷ்பராணி அவர் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனாள். காரில் அவர், முதலில் எந்தப் பாட்டு வாசிப்பார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். அவர் தானாக ஒரு கேள்வி கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மண்டபத்து வாசலில் பெரிய பேனர் தொங்கியது. 'கிரே ஹார்பர்' என்ற எழுத்து மாடி உயரத்துக்கு. அதற்குக் கீழே, விரல் உயரத்தில், 'பாடல்கள், சீன இசைக்கருவிகளில்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவருக்கு அந்தச் சின்ன எழுத்து முதலிலிருந்தே தெரியும் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"கிரே ஹார்பர் பாட்டு வருதுன்னுதான் சொன்னேன்," என்றார் தங்கராஜு.

"கிரே ஹார்பர் வருதுன்னு சொன்னீங்க. எங்க அண்ணன வரச் சொல்லிட்டேன். ஷேவ் பண்ணிட்டு வந்திருக்காரு. அவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. விஸ்வலிங்கம் பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று அவள் சொன்னபோது, வந்தது வந்தாச்சு, உட்காருவோம் என்றார். அந்தச் சாந்தம் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

உள்ளே முக்கால்வாசி நாற்காலி நிறைந்திருந்தது. மேடையில் ஒன்பது பேர். தொடையில் நிறுத்தி வைத்து வில்லால் இழுக்கும் எர்ஹு, குச்சியால் தட்டும் தந்திப் பெட்டி, ஒரு ஊதுகுழல், பக்கவாட்டில் பெரிய முரசு. ஷஹீரா என்ற மலாய்ப் பெண், தோளில் ரெபானா என்ற கைமேளத்தை மாட்டிக்கொண்டு, மலாயிலும் ஆங்கிலத்திலும் வணக்கம் சொன்னாள். பாட யாரும் இல்லை, தெரிந்தவர்கள் தாராளமாகப் பாடலாம் என்றாள்.

முதல் பாட்டில் ஊதுகுழல் ஒலிபெருக்கி வழியாக வந்து காதைக் கிழித்தது. இரண்டாவதில் முரசு கண்மண் தெரியாமல் ஓடியது. மழையில் நனைந்த மாதிரி மெதுவாக நடக்க வேண்டிய பாட்டு அது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி ஓட்டினார்கள். தங்கராஜு தொடையில் தாளம் போட்டார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது பாட்டு நடக்கும்போது வெளியே மழை கொட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. விசிறிகள் நின்றன, ஒலிபெருக்கி செத்தது. உயரத்து ஜன்னல்களில் மட்டும் சாம்பல் வெளிச்சம். யாரோ எழுந்தார்கள். புஷ்பராணியும் கைப்பையை எடுத்தாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எர்ஹுக்காரர், நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட மனிதர், வில்லை எடுத்து வேறொரு பாட்டைத் தனியாக வாசிக்க ஆரம்பித்தார்.

அசலில் அந்தப் பாட்டு தனி கிட்டாரில் தொடங்கும். இங்கே அது யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. ஒலிபெருக்கி இல்லாததால் எல்லாரும் மூச்சை அடக்கிக் கேட்க வேண்டியிருந்தது. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அசல் இசைத்தட்டில் ஓரிடத்தில் கிட்டார்க்காரரின் விரல் நழுவி ஒரு சுரம் சறுக்கும். அது பிழைதான். அதைத் திருத்தாமலே பதிவு செய்துவிட்டார்கள். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் அந்த இடத்துக்காகவே காத்திருந்து, வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

எர்ஹு அந்த இடத்துக்கு வந்தது. சறுக்கியது. அதே இடம், அதே சறுக்கல்.

விஸ்வலிங்கம் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்க. முன்வரிசைச் சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா, ராணி? தப்பையும் சேர்த்து வாசிக்கிறான்," என்றார்.

பிறகு பாட ஆரம்பித்தார். கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல். முதல் சரணம் முழுவதும் பாடினார். இரண்டாவதில் வார்த்தை மறந்து நின்றுவிட்டு அவளைப் பார்த்தார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். குளியலறைக்கு வெளியே பாடியவள் அல்ல. கணவர் மேல் கோபம் வேறு இன்னும் ஆறவில்லை. என்றாலும் அண்ணனை அப்படி நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாடினாள். பல்லவிக்கு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் பாதி மண்டபம். அண்ணன் அழுதுகொண்டே பாடிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

மின்சாரம் திரும்பி வந்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஊதுகுழல் மறுபடியும் காதைக் கிழித்தது. ஆனால் கச்சேரி முடியும்வரை மூவரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தங்கராஜு, "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை பேசாதீங்க," என்றாள் புஷ்பராணி.

விஸ்வலிங்கம் ஷஹீராவிடம் போய் அடுத்த கச்சேரி எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்தார். புக்கிட் மெர்தாஜாமில். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் போனால் பக்கம்தான், நான் போகப் போகிறேன் என்றார். யாரையும் கேட்கும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

தாழ்வாரத்து ஓரத்தில் எர்ஹுக்காரர் வாத்தியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். புஷ்பராணி நேராக அவரிடம் போனாள். பாராட்டப் போகிறாள் என்று தங்கராஜு நினைத்தார். அவள் மலாயில், இரண்டாவது பாட்டில் முரசு ஏன் அப்படி ஓடியது, அந்தப் பாட்டு என்ன பாவம் செய்தது என்று கேட்டாள்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீளமாக மூச்சு விட்டார். ஒவ்வொரு ஒத்திகையிலும் தானும் அதைத்தான் சொல்வதாகவும், ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை என்றும் சொன்னார். முரசு அடிப்பது தன் மனைவி என்றும் சொன்னார்.

புஷ்பராணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கெங்கே ஓடியது என்று இரண்டு பேரும் முதலிலிருந்து பேசத் தொடங்கினார்கள்.